அரசர் இல்லாத ஊர் எழுதிய அரசர் கதைகள்

தீப்ஸ் நகரத்து அரசன் ஈடிபஸின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். அறியாமல் தந்தையைக் கொன்றான். அறியாமல் தாயை மணந்தான். உண்மை வெளிப்பட்டதும் தன் கண்களைத் தானே குத்திக்கொண்டு, நாடிழந்து அலைந்தான். ஆனால் ஹோமரின் 'ஒடிஸி' காட்டும் ஈடிபஸ் கண்ணை இழந்ததாகவோ நாட்டைத் துறந்ததாகவோ குறிப்பில்லை. அதன் பதினோராம் காண்டத்தில் பாதாள உலகுக்குப் போகும் ஒடிஸியஸ், ஈடிபஸின் தாயை அங்கே காண்கிறான். அவள் பெயரும் நாடகங்களில் வரும் யொகாஸ்டா இல்லை, எபிகாஸ்டி. உண்மை தெரிந்ததும் அவள் தூக்கிட்டு மாண்டாள். மகனோ துயரத்தைச் சுமந்தபடி தீப்ஸிலேயே தொடர்ந்து ஆண்டான். யூரிப்பிடிஸின் 'ஃபினீசியப் பெண்கள்' நாடகத்தில் கதை இன்னும் வேறு. அங்கே தாய் உயிரோடு இருக்கிறாள். குருடான தந்தையை மகன்களே அரண்மனைக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். நாம் அறிந்த ஈடிபஸ் பெரும்பாலும் நாடகாசிரியர் சோபோக்ளிஸ் தந்தவன்.

கிரேக்கத் தொன்மத்துக்குள் நுழைகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான்: அதற்கு வேதநூல் கிடையாது. இது மூலம், இது இடைச்செருகல் என்று தீர்ப்புச் சொல்லும் குருபீடமும் கிடையாது. கதை புலவர்களின் கையில் இருந்தது. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டியபடி அதைத் திருத்தி எழுதிக்கொண்டது.

தெய்வங்களின் வம்சத்தை ஒழுங்குபடுத்திச் சொன்ன முதல் நூல், ஏறத்தாழ கி.மு. 700 அளவில் பொயோஷியாவைச் சேர்ந்த ஹீசியட் பாடிய 'தியோகனி'. வானத் தெய்வமான ஊரானஸை மகன் குரோனஸ் அரிவாளால் ஆண்மையறுத்து வீழ்த்துகிறான். தனக்கும் அந்தக் கதி வரும் என்று அஞ்சிய குரோனஸ், பிறக்கும் பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்குகிறான். தாய் ஒளித்து வைத்ததால் தப்பிய ஜீயஸ் வளர்ந்து தந்தையை வெல்கிறான். இது கிரேக்கருக்கே உரிய கற்பனை என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. இன்றைய துருக்கியில் உள்ள ஹத்தூஸாவில் கிடைத்த ஹிட்டைட் களிமண் பலகைகள் அந்த எண்ணத்தை மாற்றின. அவற்றில் குமார்பி என்னும் தெய்வம் வானத் தெய்வமான அனுவின் ஆண்மையைக் கடித்துப் பறிக்கிறது. பிறகு புயல் தெய்வத்திடம் தானும் ஆட்சியை இழக்கிறது. அந்தப் பலகைகள் ஹீசியட்டுக்குச் சில நூற்றாண்டுகள் மூத்தவை.

1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் 'லீனியர் பி' எழுத்தைப் படித்தபோது இன்னொரு நம்பிக்கையும் சரிந்தது. மதுவின் தெய்வமான டயோனிசஸ் வெளிநாட்டிலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர் என்று அறிஞர்கள் எழுதிவந்தனர். யூரிப்பிடிஸின் 'பாக்கே' நாடகத்திலும் அவர் கிழக்கிலிருந்து வரும் அந்நியராகவே தோன்றுகிறார். ஆனால் ஜீயஸ், ஹீரா, பொசைடன் ஆகியோரின் பெயர்கள் இருந்த, அந்த எழுத்தில் அமைந்த வெண்கலக் காலக் கணக்குப் பலகைகளில் டயோனிசஸின் பெயரும் இருந்தது. ஹோமருக்கு நாலைந்து நூற்றாண்டுகள் முன்பே அவர் உள்ளூர்த் தெய்வம்தான்.

இந்தத் தெய்வங்களுக்கு வலிமை உண்டு, சாவு இல்லை. அதனால்தான் இலியட்டில் அவர்களுடைய சண்டைகள் பல இடங்களில் சிரிப்பில் முடிகின்றன. காயம்பட்ட அஃப்ரோடைட் தாயின் மடியில் போய் அழுகிறாள். காயம் உடனே ஆறிவிடுகிறது. ஜீயஸுக்கே வருத்தம் நேரும் இடம் பதினாறாம் காண்டம். மனிதப் பெண்ணுக்குப் பிறந்த அவர் மகன் சார்பிடான், பேட்ரொக்ளஸின் கையால் சாகப்போகிறான். காப்பாற்றட்டுமா என்று ஜீயஸ் தடுமாறுகிறார். நீ காத்தால் மற்றத் தெய்வங்களும் தத்தம் பிள்ளைகளைக் காக்கக் கிளம்பும் என்று ஹீரா எச்சரிக்கிறாள். ஜீயஸ் இரத்தத் துளிகளை மழையாகப் பொழிந்துவிட்டு விலகி நிற்கிறார்.

வீரர்களின் பெருமையோ, தெய்வங்களுக்கு இல்லாத அந்தச் சாவிலிருந்தே பிறக்கிறது. நெடுநாள் வாழ்ந்து பெயரின்றி மறைவதா, இளமையில் மடிந்து புகழோடு நிற்பதா என்ற தேர்வு அக்கிலிஸுக்குத் தரப்படுகிறது. இறந்த வீரன் வெறும் நினைவாக மட்டும் இருக்கவில்லை. அவன் கல்லறையில் பலியும் படையலும் நடந்தன. அவன் எலும்பு ஊரைக் காக்கும் என்று நம்பினார்கள். தெகியா நகரை வெல்ல முடியாத ஸ்பார்ட்டர்கள், டெல்ஃபியின் குறி கேட்டு, அங்கே புதைந்திருந்த தொன்ம வீரன் ஒரெஸ்டிஸின் எலும்புகளை இரகசியமாக எடுத்துவந்ததாக ஹெரடோட்டஸ் எழுதுகிறார். சவப்பெட்டியின் நீளம் ஏழு முழமாம். கி.மு. 470களில் ஏதென்ஸின் தளபதி கிமோன், ஸ்கைரோஸ் தீவிலிருந்து, ஏதென்ஸின் தொன்ம அரசன் தீஸியஸின் எலும்புகள் என்று சொல்லி ஒரு பெரிய உடலின் எச்சங்களைக் கொண்டுவந்தார். அதனால் வளர்ந்தது கிமோனின் அரசியல் செல்வாக்கு.

நடுகல்லுக்குப் படையலிட்ட மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இந்த ஒப்புமையை ஆராய்ச்சியாக வளர்த்தவர் ஈழத்து அறிஞர் க. கைலாசபதி. 'ஏஸ்கிலஸும் ஏதென்ஸும்' என்ற நூலை எழுதிய ஜார்ஜ் தாம்சனிடம் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த அவர், சங்கப் பாடல்களை ஹோமர் முதலான வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டார். அந்த ஒப்பீடு 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் நூலாக வெளியானது. யூகோஸ்லாவியப் பாடகர்களை 1930களில் பதிவு செய்து, ஹோமரின் பாடல்முறை வாய்மொழி மரபைச் சேர்ந்தது என்று மில்மன் பேரி நிறுவியதும் அந்த ஆய்வுக்கு அடித்தளமாக இருந்தது.

இனி அரசர்கள். துன்பியல் நாடகத்தை வளர்த்த கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில் அரசன் இல்லை. அந்தப் பட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஆண்டுக்கொருவர் குலுக்கல் முறையில் அந்தப் பதவிக்கு வந்து, சமயச் சடங்குகளையும் கொலை வழக்குகளையும் கவனித்தார். அப்படிப்பட்ட ஊர், ஒவ்வொரு வசந்தத்திலும் அக்ரோபோலிஸின் தென்சரிவில் கூடி, அரசர்கள் வீழ்வதைப் பார்த்தது. டயோனிசஸ் விழாவில் மூன்று புலவர்கள் போட்டியிடுவார்கள். ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகம், ஒரு சாத்திர் நாடகம் என்னும் கேலி நாடகம். பாடற்குழுவின் செலவு பணக்காரக் குடிமக்கள் தலையில். கி.மு. 472இல் ஏஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' மேடையேறியபோது செலவை ஏற்றவர் இளைஞர் பெரிக்ளிஸ். எட்டு ஆண்டுகளுக்கு முன் சலாமிஸ் கடற்போரில் தோற்றோடிய செர்க்சிஸ், அதில் கிழிந்த உடையோடு புலம்புகிறான். பகையரசனின் அழுகையை வென்றவர்களே உட்கார்ந்து பார்த்தார்கள்.

விழும் அரசர்கள் பெரும்பாலும் தீப்ஸையோ ஆர்கோஸையோ சேர்ந்தவர்கள். ஏதென்ஸின் தீஸியஸ் மேடைக்கு வந்தால் பெரும்பாலும் நல்லவன். அவன் மகனைச் சபித்துக் கொல்லும் 'ஹிப்பொலிட்டஸ்' கதை ஏதென்ஸில் நடக்காமல் ட்ரோசனில் நடக்கிறது.

புலவர்கள் கதையைத் திருத்தியது அரசன் அகமெம்னனின் கதையில் தெளிவாகத் தெரியும். ஒடிஸியில் அவனை விருந்தில் வைத்துக் கொல்பவன் ஏகிஸ்தஸ். கி.மு. 458இல் அரங்கேறிய 'ஒரெஸ்டியா'வில் மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ராவே அவனைக் குளியலில் வெட்டுகிறாள். அவன் மகள் இஃபிஜீனியாவைப் பலியிட்டதற்கு அது பழி. தாயைக் கொன்ற மகன் ஒரெஸ்டிஸின் வழக்கோ ஏதென்ஸின் அரியோபகஸ் மன்றத்துக்கு வருகிறது. நாடகத்துக்குச் சில ஆண்டுகள் முன்புதான் அரசியல் தலைவர் எஃபியால்டிஸ் அந்த மன்றத்தின் அரசியல் அதிகாரத்தைப் பறித்து, பெரும்பாலும் கொலை வழக்குகளை மட்டும் விட்டுவைத்திருந்தார். பழங்கதைக்குள் அன்றாட அரசியல் இப்படித்தான் நுழைந்தது.

சோபோக்ளிஸின் ஈடிபஸ் நாடகத்தை அரிஸ்டாட்டில் தன் 'கவிதையியலில்' முன்மாதிரியாக எடுத்துக்காட்டினார். மிக நல்லவனும் கெட்டவனும் இல்லாத ஒருவன், ஒரு பிழையால் பெருநிலையிலிருந்து வீழ்வதே சிறந்த துன்பியல் என்பது அவர் கருத்து. ஆனால் போட்டியில் சோபோக்ளிஸுக்குக் கிடைத்தது இரண்டாம் பரிசு. முதலிடம் பெற்ற ஃபிலோக்ளிஸின் நாடகம் ஒன்றுகூட இன்று இல்லை. சோபோக்ளிஸ் முதுமையில் மீண்டும் ஈடிபஸிடம் வந்தார். தாம் பிறந்த கொலோனஸில் அவனை வந்து சேரவைத்து, ஏதென்ஸைக் காக்கும் வீரனாக மறையவைத்தார். அந்த நாடகம் அவர் இறந்த பின், கி.மு. 401இல், பேரனால் மேடையேறியது. ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்று மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

ஏஸ்கிலஸுக்கு 7, சோபோக்ளிஸுக்கு 7, யூரிப்பிடிஸுக்கு 19 என்று முழுமையாக எஞ்சியவை 33 நாடகங்கள். ஓரிரண்டின் ஆசிரியர் யார் என்பதிலும் ஐயம் உண்டு. சோபோக்ளிஸ் எழுதியவையே நூற்றுக்கு மேல். ஆனாலும் கணக்கு முடிந்துவிடவில்லை. 2022இல் எகிப்தின் ஃபயூம் பகுதிக் கல்லறை ஒன்றில் கிடைத்த பப்பைரஸ் தாளில், யூரிப்பிடிஸின் தொலைந்த நாடகங்கள் இரண்டிலிருந்து ஏறத்தாழ நூறு வரிகள் இருந்தன; 2024இல் அவை பதிப்பிக்கப்பட்டன. ஒன்று அரசி இனோவின் கதை. மற்றது, இறந்த மகனை உயிர்ப்பித்துத் தரும்படி நிமித்திகனைக் கட்டாயப்படுத்தும் கிரீட்டின் அரசன் மினோஸின் கதை.