பொழுதும் உள்ளமும்: குறுந்தொகைச் செய்யுளொன்றை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

காலம் உள்ளத்தின் படைப்பே. நிகழ்கணத்தில் வாழ்பவனே அதனை வென்றவன் என்னும் கருத்து இலக்கியத் திறனாய்விலும் அவ்வப்போது இடம்பெறுவதுண்டு. இதற்குச் சான்றாகக் காட்டத்தக்க பழஞ்செய்யுள்களுள் ஒன்று, மிளைப்பெருங் கந்தனார் இயற்றிய குறுந்தொகை 234ஆம் பாடலாகும். வானம் சிவந்து முல்லை மலரும் வேளையே மாலை என்போர் மயங்கியவர். துணையற்றோருக்குக் கோழி கூவும் விடியலும் மாலையே, பகலும் மாலையே என்கிறாள் தலைவி. ஞாயிறு வகுத்த பொழுதினை அவளது உள்ளம் ஏற்க மறுக்கின்றது.

இம்மறுப்பினை மட்டும் தனித்து நோக்குவோர், காலம் முற்றிலும் அகவயமானது என முடிவு கட்டுவர். ஆயின் செய்யுளின் அமைப்பு அம்முடிபுக்கு இடந்தருவதாயில்லை. மாலை யாதென்பதில் உலகத்தார் உடன்பட்டிருப்பதனாலேயே தலைவியின் கூற்று வலுப்பெறுகின்றது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பியம், முல்லைக்குக் காரையும் மாலையையும் உரிமையாக்கிற்று. மேயச்சென்ற ஆநிரை மீளும் பொழுது அது. வினைமேற் சென்றவன் மீளாமை உறுத்தும் பொழுதும் அதுவே. ஆடவன் வினைமேற் செல்ல, பெண் இல்லிருந்து காத்திருக்கும் சமூக ஒழுங்கே அவளது மாலையை நீளச்செய்தது எனலாம்.

உற்பத்தி முறை மாறும்பொழுது கால உணர்வும் மாறுகின்றது. செய்யும் வேலையால் அளக்கப்பட்ட காலம் கடிகாரத்தால் அளக்கப்படுவதாயும், முதலாளி கூலி கொடுத்து வாங்கும் பொருளாயும் மாறியதை, ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். எமது மலையகமும் இதற்குச் சான்றாகும். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழில் அறியப்பட்ட கவிதை, விடியலைத் தப்பொலியோடு தொடங்குகின்றது. பிரட்டுக்கு அழைக்கும் ஒலியாற் குறிக்கப்படும் விடியல், தொழிலாளிக்கு உரிய விடியலன்று.

குறுந்தொகைத் தலைவியின் விடியலைப் பிரிவு மாற்றியது. தோட்டத் தொழிலாளியின் விடியலைக் கூலியுழைப்பு பறித்தது. இரண்டும் அகத்தே உணரப்படுவன. எனினும் இரண்டின் காரணமும் புறத்தே உள்ளது. அகவய அனுபவத்தை மறுப்பது எமது நோக்கமன்று. நிகழ்கணத்தில் வாழுமாறு கூறும் அறிவுரை, அக்கணம் எவருக்கு உரியது என்னும் வினாவைத் தவிர்க்குமாயின், ஓய்வுடையோரின் ஆறுதலாகவே எஞ்சும். அவ்வினாவை எழுப்புவது திறனாய்வாளனின் கடமையாகும்.