அறவேண்டுகோளும் சமூக ஊடகமும்

அறஞ் செய்வார் கை மறைந்திருத்தல் வேண்டும். அறத்தின் தேவையோ ஊரறிய வெளிப்படுதல் வேண்டும். இவ்விரண்டும் முரணுவனபோலத் தோன்றினும், இவற்றை இணைத்துச் செல்வதே வேண்டுகோட் கலையாகும். முற்காலத்திற் பறையும் பிடியரிசிப் பெட்டியும் ஆற்றிய இப்பணியைப் பின்னர் அச்சிட்ட துண்டுப் பிரசுரம் ஏற்றது; இன்று முகநூல், வாட்ஸ்அப், யூடியூப் முதலிய சமூக ஊடகங்கள் ஏற்றுள்ளன. கருவியைப் புகழ்தலோ இகழ்தலோ திறனாய்வாகாது. அக்கருவி வழியாக எழும் வேண்டுகோள் எத்தன்மையது என ஆராய்தலே ஈண்டு நம் நோக்கம்.

ஒப்புநோக்குதற்கு ஏற்ற சான்று ஒன்று நம் மன்னார் நிலத்திலேயே உளது. உயிலங்குளத்துக்கு அணித்தாக, மாந்தையிலே பாலாவிக் கரையில் அமைந்தது திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலம், போர்த்துக்கேயர் காலத்தில் அழிவுற்றுக் காடு மூடிக் கிடந்தது. ஆறுமுக நாவலர் 1872ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ என்னும் பிரசுரத்தில் இத்தலத்தின் நிலையை எடுத்துரைத்துச் சைவ மக்களைத் தட்டியெழுப்பினார்.

அவ்வேண்டுகோளின் அமைப்பு நோக்கற்பாலது. குறை இன்ன இடத்தில் இன்னவாறு உளது என்பது அதில் ஐயமின்றிக் கூறப்பட்டது. புதிய கோயில்கள் பல எழ, பழம்பெருந் தலமொன்று பாழ்பட்டுக் கிடப்பதை எவ்வாறு மறந்தீர் என்னும் வினா, படிப்போர் தம் நடத்தையையே நோக்கி எழுப்பப்பட்டது. இரக்கத்தைத் தூண்டி விடுதலோடு அமையாது, கடமையை உணர்த்தியமையே அதன் சிறப்பு.

நாவலர் 1879இல் மறைந்தார். கோயில் நிலம் வாங்கப்பட்டது 1893இல், சிறு கோயில் எழுந்தது 1903இல், திருப்பணிச் சபை அமைந்தது 1948இல், பெருங் குடமுழுக்கு நிகழ்ந்தது 1976இல், மீண்டுமொன்று 2022இல். எழுதியவர் தம் எழுத்தின் பயனைக் கண்டிலர். எனினும், நிலம் கைக்கு வருமட்டும் இருபத்தோராண்டு அவ்வேண்டுகோள் உயிரோடிருந்தது. ஒரு நாளில் ஆயிரம் விருப்பக் குறிகளைப் பெற்று, மறுநாள் மறக்கப்படும் பதிவுகளின் நடுவே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

இனி, புதிய ஊடகத்தின் ஆற்றலையும் மறைத்தலாகாது. 2014ஆம் ஆண்டிற் பனிநீரைத் தலையிற் கவிழ்த்துக்கொள்ளும் அறைகூவல் ஒன்று உலகெங்கும் பரவிற்று. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோயொன்றின் ஆராய்ச்சிக்காக, அமெரிக்கச் சங்கமொன்றுக்கு அதனால் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அப்பொருளின் துணையோடு நடந்த ஆய்வு, 2016இல் அந்நோயோடு தொடர்புடைய மரபணுவொன்றை இனங்காட்டியது. வேடிக்கையென எள்ளப்பட்டதும் பயன் தந்தது. ஆயின், மறு ஆண்டிலே அவ்வார்வம் பெரிதும் தணிந்தது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். அதே 2014இல் ஐதராபாத்திலே மஞ்சுலதா கலாநிதி என்பார், நீரை வீணாக்காது ஒரு வாளி அரிசியை வறியவர்க்கு ஈயுமாறு அழைத்தார். நம் பிடியரிசி வழக்கம் புதிய உடையில் மீண்டு வந்ததென இதனைக் கொள்ளலாம். உலக வழக்கை அவ்வாறே பின்பற்றாது, உள்ளூர்த் தேவைக்கு இயைய மாற்றிய அறிவு பாராட்டத்தக்கது.

குறைகளோ மூன்று. முதலாவது, பெறுவோரின் முகத்தை விலையாக்குதல். பொதியொன்றை நீட்டும் கையையும், நாணித் தலைகவிழும் முதியவரையும் ஒருங்கே படமெடுத்துப் பரப்புதல் ஈகையன்று. வறுமையைத் தம் வாயால் உரைக்கும் நிலைக்கு இரப்பவரை ஆளாக்காது ஈதலே குடிப்பிறந்தார் இயல்பென்பது வள்ளுவர் கருத்து. வாய்ச்சொல்லையே தவிர்க்க வேண்டுமெனின், அழியாத படத்தை என்னென்பது! இரண்டாவது, காலங் குறியாமை. வெள்ளக் காலத்திற் காலையில் வேண்டிய பொருள் மாலையில் மிகைப்படலாம். நாளும் இடமும் குறியாத செய்தியோ பல திங்கள் கழித்தும் கைமாறி அலையும். மூன்றாவது, கணக்குரையாமை. வேண்டும்போது உரத்து ஒலித்த குரல், பெற்ற தொகையும் செலவும் கூறவேண்டிய வேளையில் அடங்கிவிடின், அடுத்த வேண்டுகோளை நம்புவார் யார்?

உயிலங்குளம், கட்டுக்கரைக்குளத்து நீரால் நெல் விளையும் நிலத்தில் உள்ள ஊர். போர்க்காலச் செய்திகளிலோ சோதனைச்சாவடியொன்றின் பெயராகவே வெளியுலகம் அதனை அறிந்தது. இத்தகைய ஊரைத் துன்பத்தின் படமாக மட்டும் மீண்டும் காட்டுதல் அறமாகாது. அங்குள்ள மாணவர் தம் பள்ளி நூலகத்துக்கு உதவி வேண்டுவதாயின், வேண்டும் நூல்களின் பட்டியலையும், பொறுப்பாளர் பெயரையும், இறுதி நாளையும், பின்னர் வரவு செலவையும் வெளியிடுக. வெற்று அலமாரியின் படம் போதும். வாடிய முகம் வேண்டா.

ஒப்புரவாளன் செல்வத்துக்கு வள்ளுவர் காட்டிய உவமைகளுள் ஒன்று, ஊரார் நீருண்ணும் குளம். குளம் தன்பால் வருவார் முகத்தை எவர்க்கும் காட்டுவதில்லை. தன் நீர்மட்டத்தை மட்டும் எல்லார்க்கும் காட்டுகின்றது. நல்ல வேண்டுகோளும் அத்தகையதே. நாவலர்க்கு வாய்த்த அச்சுப்பொறியினும் விரைவான கருவி இன்று ஒவ்வொரு மாணவன் கையிலும் உளது. விரைவு கருவியின் பண்பு. நிலைபேறு எழுதுவோன் பொறுப்பு என்பதை நம் மாணவர் உளங்கொள்வாராக.