பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

சுங்கை பட்டாணி, பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன்பே கப்சாய் மோட்டார்கள் பால்மரக் காட்டுக்குள் நுழைந்துவிடும். பலவும் ஹொண்டா இஎக்ஸ்5. 1958இல் ஜப்பானில் பிறந்த சூப்பர் கப்பின் வம்சம். அதன் அடிவயிற்றில் இருக்கிற சின்னத் திருகாணிமேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. உள்ளே ஊற்றுகிற முக்கால் லிட்டருக்கும் குறைவான எண்ணெயைக் காப்பது அதுதான்.

எண்ணெய் மாற்றும்போது பழகிய கை அதை மாட்டுவதைப் பார்க்க வேண்டும். சூடான கறுப்பெண்ணெய் கடைசிச் சொட்டுவரை வடியக் காத்திருக்கும். துளையின் வாயைத் துணியால் துடைக்கும். புது வாஷர் போட்டு, முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றும். மரை வழி மாறினால் விரலுக்குத் தெரிந்துவிடும், ஸ்பேனருக்குத் தெரியாது. திருகாணி இரும்பு, எஞ்சின் கூடு அலுமினியம். பலத்தைக் காட்டினால் தோற்பது கூடுதான்.

இறுக்கத் தேவைப்படுவது ஏறக்குறைய 24 நியூட்டன் மீட்டர். ஒரு சாண் நீளப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரின் நுனியில் பன்னிரண்டு கிலோ அரிசியைத் தொங்கவிட்ட அளவு. அந்த அழுத்தத்தில் மெல்லிய வாஷர் நசுங்கி, கண்ணுக்குத் தெரியாத கீறல்களையும் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒருமுறை நசுங்கியதை மறுபடி போடக்கூடாது. சில காசு விஷயம், ஆனாலும் இதில் மிச்சம் பிடிப்பவர்களைக் கண்டால் மனம் பதைக்கிறது.

மறுநாள் செம்மண் பாதையில் ஓடி வந்த வண்டியைக் குனிந்து பார்த்தால் போதும். கசிவிருந்தால் புழுதி அங்கே சேறாக அப்பியிருக்கும். இல்லையென்றால் திருகாணியைச் சுற்றி வெறும் காய்ந்த மண்.