எவ்வுடைமை பொதுவுடைமை?

1976ஆம் ஆண்டு மே திங்களில் சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சி சோஷலிஸ்ட் அகிலத்தினின்றும் விலகியது. விசாரணையின்றி மக்களைக் காவலில் வைக்கும் கட்சி சமதர்மக் கட்சியாகாது. அதனை நீக்குதல் வேண்டும் என்று ஹாலந்து நாட்டுத் தொழிற்கட்சி முனைந்து நின்றமையே அதற்குக் காரணம். அதே ஆண்டில் சி. வி. தேவன் நாயர் தொகுத்த ஆங்கில நூலொன்று இதற்கு மறுமொழியாக வெளிவந்தது. 'செயல்படும் சமதர்மம்: சிங்கப்பூர் வழி' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். தொகுத்தவர் பிரிட்டிஷ் ஆட்சியில் இருமுறை காவலில் வைக்கப்பட்டவர். தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசைக் கட்டி வளர்த்தவர். நாட்டின் முதல் நிதியமைச்சரான டாக்டர் கோ கெங் சுவீயும் அதில் எழுதியிருக்கிறார்.

நூலின் பெயரே ஒரு வாதம். 'செயல்படும்' என்னும் அடைமொழி, பிறநாட்டுச் சமதர்மம் செயல்படவில்லை என்பதைச் சொல்லாமற் சொல்கிறது. ஹாலந்து நாட்டார் 'இது சமதர்மமா?' என்று வினவினர். நூலின் பெயரோ 'இது பயன் தருகிறது' என்கிறது. வினா ஒன்று, விடை மற்றொன்று. அதனால் நூல் பயனற்றது என்பதன்று. அவ்விடை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே ஆராயத்தக்கது.

சமதர்மமா, முதலாளித்துவமா என்று வழக்காடுவோர் அவ்விரண்டையும் கடையிற் கட்டிவைத்த பொட்டலங்களாகக் கருதுகின்றனர். பிரித்து வாங்க இயலாது என்பது அவர்தம் எண்ணம். இவ்வகையில் பொதுவுடைமை, தனியுடைமை என்னும் தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களினும் தெளிவுடையன. இரண்டிலும் வருமொழி 'உடைமை' என்பதே. உடைமை என்றவுடன் எது, எவருடையது என்னும் வினாக்கள் தாமே எழுகின்றன. நிலமா, ஆலையா, சேமிப்பா? ஒரு நாடு இவற்றுள் எதனைப் பொதுவாக்கிற்று, எதனைத் தனியாரிடம் விட்டது என்று தனித்தனியே கேட்டாலன்றி ஒப்பீடு வெறும் சொற்போராகவே முடியும்.

1955 ஜனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சமதர்ம பாணிச் சமுதாயத்தைத் தன் குறிக்கோளாக ஏற்றது. மறு ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம் பதினேழு தொழில்களை அரசுக்கென ஒதுக்கிற்று. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் ஆகிய இடங்களில் அரசின் எஃகு ஆலைகள் எழுந்தன. (பிலாய்க்குச் சோவியத் நாடும், ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனியும், துர்காபூருக்குப் பிரிட்டனும் துணைநின்றன. சமதர்மத்துக்கு எஃகு வார்க்க முதலாளி நாடுகள் இரண்டு கைகொடுத்தமை சுவையான செய்தி.) ஆலை பொதுவுடைமை ஆயிற்று. நிலமோ? சென்னை மாநிலத்தில் 1961இல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் வரை அனுமதித்தது. தோட்டங்களுக்கும் அறநிலையங்களுக்கும் விலக்குத் தந்தது. 1970இல் அவ்வரம்பு 15 ஏக்கராகக் குறைக்கப்பட்டது. இடையில், 1968 டிசம்பர் 25ஆம் நாள், ஆவடித் தீர்மானம் நிறைவேறிப் பதினான்கு ஆண்டும் ஆகாத நிலையில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் தீக்கிரையாக்கப்பட்டனர். எஃகைப் பொதுவாக்கிய சமதர்மம் வயல் வரப்பை எட்டவில்லை.

சிங்கப்பூர் இதற்கு நேர்மாறாகச் செய்தது. 1960இல் அரசின் கையிலிருந்த நிலம் மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. 1985இல் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இதற்குக் கருவியாயிற்று. 1973ஆம் ஆண்டுத் திருத்தமோ மேலும் கடுமையானது. 1973 நவம்பர் 30ஆம் நாள் மதிப்பு, எடுக்கப்படும் நாளின் மதிப்பு என்னும் இரண்டில் எது குறைவோ அதுவே இழப்பீடு என்றது அது. நகரம் வளர்ந்ததனால் நிலத்துக்கு ஏறும் விலை நிலக்கிழாருக்குச் சேரலாகாது என்பது அதன் கருத்து. 2007இல்தான் சந்தை விலையை இழப்பீடாகத் தரும் முறை வந்தது. நிலத்தை இழந்தவர் கண்ணுக்கு இது பறிப்பே. தனியுடைமை வாதியோ இதனை ஒருநாளும் ஒப்பமாட்டார். ஆனால் 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஐந்தே ஆண்டுகளில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியதற்கும், இன்று குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாகப் பத்தில் எட்டுப்பேர் அளவுக்குக் கழக வீடுகளில் வாழ்வதற்கும் மலிவாகக் கிடைத்த இந்நிலமே அடித்தளம். சேமிப்பும் அவ்வாறே. 1955இல் தொடங்கிய மத்திய சேமநிதி கட்டாயச் சேமிப்பு. 1968 முதல் அதனைக்கொண்டே தொழிலாளி வீடு வாங்கலானான்.

ஆலைகளை மட்டும் சிங்கப்பூர் பிறர் கையில் விட்டது. அரசு சில தொழில்களையும் ஒரு வங்கியையும் விமான நிறுவனத்தையும் நடத்தியது உண்மை. எனினும் ஏற்றுமதிக்கான உற்பத்தியின் பெரும்பகுதி அயல்நாட்டுக் கம்பெனிகளுடையது. 1961இல் அமைந்த பொருளியல் வளர்ச்சிக் கழகம் ஜூரோங் சதுப்பைத் தூர்த்து, வரிச்சலுகை காட்டி அவற்றை அழைத்தது. 1965இல் மலேசியச் சந்தை கைநழுவிற்று. 1968இல் பிரிட்டிஷார் தம் தளங்களை மூடப்போவதாக அறிவித்தனர். வேலையின்றித் திரியும் இளைஞரைக் கண்முன் வைத்துக்கொண்டு, ஆலைக்குரியவன் யார் என்று ஆராய்ந்துகொண்டிருக்க இயலாதுதான்.

நூலின் பெயர் இடறுமிடம் இதற்கப்பால் உள்ளது. 1968இல் வந்த வேலைச் சட்டம் வாரத்துக்கு 44 மணி நேரம் என்று வரையறுத்து, பொது விடுமுறைகளைப் பதினொன்றாகக் குறைத்தது. அதே ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் திருத்தம், ஆள்சேர்ப்பு, பதவி உயர்வு, இடமாற்றம், பணிநீக்கம் ஆகியவற்றைத் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையினின்றும் அகற்றியது. அதற்கு முன்பே, 1963 பிப்ரவரியில், நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாகினர். தொழிற்சங்கத் தலைவர் பலர் அவருள் அடங்குவர். 1985இல் பொருளாதாரம் சரிந்தபோது நடந்தது இன்னும் தெளிவானது. மறு ஆண்டு, சேமநிதிக்கு முதலாளிகள் செலுத்திய பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக இறங்கிற்று. கம்பெனியின் செலவு குறைந்தது. குறைந்த அத்தொகை தொழிலாளியின் சேமிப்பில் விழவேண்டிய தொகை. வீட்டில் சமதர்மம் துய்த்தவன் ஆலையில் முதலாளித்துவத்தின் சுமையைத் தாங்கினான். ஹாலந்து நாட்டார் கேட்டது அரசியல் வினாவே எனினும் அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. உடைமையைப் பொதுவாக்குவது ஒன்று; அதன்மேல் முடிவு செய்யும் உரிமையைப் பொதுவாக்குவது வேறு. சிங்கப்பூர் முன்னதைச் செய்தது. பின்னதைச் செய்ததாக நூலின் பெயர் எண்ணவைக்கிறது.

'செயல்படும்' என்ற சொல்லையும் ஹாங்காங் சற்றே அசைக்கிறது. தடையற்ற முதலாளித்துவத்துக்கு மில்டன் ஃப்ரீட்மன் காட்டிய எடுத்துக்காட்டு அந்நகரமே. ஆயினும் அங்கு நிலமெல்லாம், ஒரு தேவாலயத்தின் மனை நீங்கலாக, அரசின் குத்தகை நிலம். 1953 டிசம்பரில் ஷெக் கிப் மேய்க் குடிசைத் தீயில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தபின் அரசே குடியிருப்பு கட்டத் தொடங்கிற்று. 1961 மே மாதம் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ ஸ்வீயில் எரிந்த தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். இங்கும் அரசே கட்டியது. ஒரு நகரம் அதற்குச் சமதர்மம் என்று பெயரிட்டது. மற்றொன்று பெயரேதும் இடவில்லை. இரண்டும் செல்வம் பெற்றன. ஆதலின் செல்வம் வந்ததைக் காட்டிச் சமதர்மத்தின் வெற்றி என்பதும், முதலாளித்துவத்தின் வெற்றி என்பதும் ஒரே அளவு தளர்ந்த வாதங்களே.

அந்நூல் வெளிவந்தபின் பிறந்த சிக்கல் ஒன்றுண்டு. கழக வீடு 99 ஆண்டுக் குத்தகைக்கு உரியது. ஆயினும் அது விற்கவும் வாங்கவும் தக்க சொத்தாகிவிட்டது. பத்து இலட்சம் வெள்ளிக்கு மேல் விலைபோன வீடுகள் உள. பொது நிலத்தின்மேல் தனியுடைமை இவ்வாறு மீண்டும் முளைத்தது. குத்தகை முடிந்தால் என்னாகும் என்பதற்கு முன்னோட்டம் ஒன்றும் கிடைத்துவிட்டது. கேலாங் லோரோங் 3இல் அறுபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த 191 தனியார் வரிசை வீடுகளின் காலம் 2020 டிசம்பர் 31ஆம் நாள் முடிந்தது. உரிமையாளர் இழப்பீடின்றி வெளியேறினர். அந்நிலம் பொது வீடமைப்புக்கென அரசிடம் திரும்பிற்று.