'உண்மை' என்று அச்சிட்ட பக்கம்

'டா வின்சி கோட்' நாவலைப் பற்றி வாசகர்களிடம் இரண்டு கட்சி. "நம்பிக்கையைப் புண்படுத்துது" என்பார்கள், இல்லையென்றால் "கதைதானே, விடுங்க" என்பார்கள். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. கதைக்குள் டான் பிரவுன் எதை வேண்டுமானாலும் கற்பனை செய்யட்டும். ஆனால் கதை தொடங்கும் முன்பே 'உண்மை' என்று தலைப்பிட்டு, பிரையரி ஆஃப் சியோன் 1099இல் தோன்றிய ரகசியச் சபை என்கிறார். அது பியர் பிளாண்டார் பிரான்சில் 1956இல் பதிவு செய்த சங்கம்! அந்த ஒரு பக்கம் நாவலில் சேர்த்தியில்லை.

நாவலைத் திட்டுகிறவர்கள், இதே சரக்கை 1982லேயே வரலாறு என்று விற்ற 'தி ஹோலி பிளட் அண்ட் தி ஹோலி கிரெய்ல்' நூலைக் கண்டுகொள்வதே இல்லை. அதை எழுதிய மூவரில் இருவர், மையக் கருத்தையே பிரவுன் எடுத்துக்கொண்டார் என்று லண்டனில் வழக்குப் போட்டு 2006இல் தோற்றார்கள். கண்டுபிடித்த வரலாறு என்றால் அதற்கு எப்படிச் சொந்தம் கொண்டாடினார்களாம்?