பொன்னுருவியின் புலம்பல்

பெரியப்பாவின் கருமாதி இரவில் ‘கர்ண மோட்சம்’ வைத்தார்கள். எங்கள் வடதமிழகப் பக்கம் சாவு வீட்டில் ஆடுகிற கூத்து அது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குவது. பழவேற்காட்டில் சிறுமியாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். இந்த முறை கர்ணனை விட்டுவிட்டுப் பொன்னுருவியையே கவனித்தேன்.

வியாச பாரதத்தில் அந்தப் பெயரே இல்லை. போர் முடிந்த களத்தில் கர்ணனின் மனைவி அழுவதைக் காந்தாரி சுட்டிக்காட்டுவாள், அவ்வளவுதான். அவளுக்கு ஒரு வாயைக் கொடுத்தது கூத்துதான். பதினேழாம் நாள் போருக்கு விடைபெற வரும் கணவனைத் தேரோட்டி மகன் என்று இகழ்கிறாள் இந்த அரசகுமாரி. “சாவப் போறவன்கிட்ட என்னா திமிரு பாரு” என்றார் பக்கத்திலிருந்த அத்தை.

சாதித் திமிர்தான், சந்தேகமில்லை. ஆனால் கூத்து அதை எப்படி அடக்குகிறது? பிறப்பைப் பார்க்காதே என்று கர்ணன் சொல்வதில்லை. நான் குந்தியின் மகன் என்கிறான். உடனே அவள் உடைந்துபோகிறாள். அவன் உண்மையிலேயே தேரோட்டி மகனாக இருந்திருந்தால் அவள் இகழ்ந்தது சரியாகிவிடுமா? இதைக் கூத்து கேட்பதில்லை. நாங்களும் கேட்டதில்லை. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரியில் கையால் இறால் தடவும் இருளர் பெண்கள் அன்று பந்தலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தார்கள். உள்ளே வந்து உட்காரச் சொல்லி அத்தை கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

பொன்னுருவியிடம் பிறப்பைத் தவிர வேறென்ன இருந்தது என்றும் யோசித்தேன். எங்கள் ஏரியில் வலை போட முறை வைக்கும் ‘பாடு’ ஆண்களுடையது. கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. கூடை சுமந்து மீன் விற்று வீட்டை நடத்தியவள் பெரியம்மா. கணக்கில் இருந்தது பெரியப்பா. கட்டியவன் யாரோ, அதுவே தான் என்று ஆகிவிடுகிற பெண், நீ யார் என்று அவனைக் கேட்காமல் எப்படி இருப்பாள்? அந்தப் பதிலைச் சாகப்போகும் நாள்வரை அவளிடம் மறைத்தது கர்ணன். பழி மட்டும் அவளுக்கு.

குந்தியின் கதை இன்னும் மோசம். உயிரோடிருக்கும் மகனைச் சபையில் மகனே என்று கூப்பிட முடியாதவள், சாகும்போதுதான் மடியில் கிடத்தி ஊரறிய அழுகிறாள்.

இந்த அழுகை எல்லாவற்றையும் அழுதவர்கள் பெண் வேஷம் கட்டிய ஆண்கள். காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண்பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தது. எங்கள் ஊர்ப் பந்தலில் இன்னும் ஒரு பெண் ஆடிப் பார்த்ததில்லை. பெண்கள் அழுவது வாசலில், ஒப்பாரியில். பெரியப்பா செத்த அன்று பெரியம்மா பாடிய ஒப்பாரியில் அவர் குடித்தது, அடித்தது, அடகு வைத்த கம்மல் எல்லாம் ராகத்தோடு வந்தது. பொன்னுருவியின் புலம்பலில் தன்மேல் பழியும் அவன்மேல் புகழும் மட்டும்தான்.

தாலி வாங்கியவள் வெளியே வரக்கூடாது என்று பெரியம்மாவை உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். விடிந்ததும் டீ கொண்டுபோனேன். சுவரோரம் சாய்ந்து முழுக்கூத்தையும் கேட்டிருக்கிறார்.

“நல்லாத்தான் பாடுனான். அவன் செஞ்சதுல ஒண்ணு விடாம சொல்லி அழுவாளேன்னு பாத்தேன். சொல்லலியே” என்றார்.