வாராக்கடன் வசூல்

‘‘பழைய டான்ஸ் படம் சார். இந்தி. ரெண்டரை மணி நேரம். பாஸ் இருக்கு, வர்றீங்களா?’’ என்றார் நண்பர்.

நான்கு வாக்கியங்களில் மூன்றாவதுதான் மூக்காலேயே ஹிட் ஆகாத சமாசாரம் போலப் பயமுறுத்தியது. ஆனால், இலவச பாஸ் என்றால் பி.காம். படித்தவனுக்கு ஒரு பலவீனம். போனேன்.

படத்தின் பெயர் ‘கல்பனா’. 1948-ல் வந்தது. எழுதி, இயக்கி, நடித்து, ஆடியவர் உதய்சங்கர். சிதார் ரவிசங்கரின் அண்ணன் என்றால் சட்டென்று புரியும். 1923-ல் லண்டனில் அன்னா பாவ்லோவாவோடு கிருஷ்ணராக ஆடியவர். பிறகு தனிக் குழு அமைத்து மேல்நாடுகளைக் கலக்கிவிட்டு, ஊர் திரும்பி இமயமலை அடிவாரத்து அல்மோராவில் ஒரு கலை மையம் ஆரம்பித்தார். நம்ம குருதத்கூட அங்கே படித்தவர்தான். யுத்த காலத்தில் பண முடை. மையத்தை மூடவேண்டி வந்தது. மூடிய கையோடு சினிமா எடுக்கக் கிளம்பினார் மனுஷர்.

எங்கே எடுத்தார் என்பதுதான் விசேஷம். பம்பாயில் இல்லை, கல்கத்தாவில் இல்லை. நம்ம ஜெமினி ஸ்டுடியோவில். இன்றைக்குப் பாலத்துக்குப் பேராக மட்டும் மிச்சமிருக்கிறதே, அதே ஜெமினி. கேமரா கே.ராம்நாத். ஆடும் கூட்டத்தில் பதின்வயதுப் பத்மினியும் உண்டு. அவருக்கு அதுதான் முதல் படம்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். கதை ரொம்ப சுமார். ஓர் எழுத்தாளர், வசூலைத் தவிர வேறெதுவும் காதில் விழாத தயாரிப்பாளரிடம் கதை சொல்கிறார். அந்தக் கதைக்குள் உதயன் என்கிற கலைஞன், அவனுடைய கனவு மையம், அவனை நேசிக்கும் இரண்டு பெண்கள். இளைஞன் உதயனாக வரும் உதய்சங்கருக்கு அப்போதே நாற்பத்தைந்துக்கு மேல் (இது நமக்குப் பழக்கம்தான், விடுங்கள்). வசனம் வந்தால் பிரசங்கம் ஆகிவிடுகிறது. முக்கோணக் காதல் இழுக்கிறது. போதாக்குறைக்கு, ‘படம் வேகமாக ஓடும், உஷாராகப் பாருங்கள், விட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம்’ என்கிற பாணியில் ஆரம்பத்திலேயே ஒரு எச்சரிக்கை வேறு!

ஆனால், பேச்சை நிறுத்திவிட்டு ஆட ஆரம்பித்தால் அது வேறு படம். தொழிலாளர்கள் இயந்திரமாகும் ஒரு நடனம் வருகிறது. கைகள் லீவராகி, உடம்புகள் சக்கரமாகி, ஒரு கட்டத்தில் ஆள் எது, மெஷின் எது என்று தெரியாமல் போகிறது. ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் சாப்ளின் இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டு நம்மைச் சிரிக்கவைத்தார். இங்கே சிரிப்பு வரவில்லை.

இதே படத்தின் தேய்ந்த பிரதி ஒன்றை முன்பு கம்ப்யூட்டரில் பத்து நிமிடம் பார்த்து மூடியவன் நான். அன்றைக்குத் தெரிந்தது ஏதோ நிழல்கள் அசைவதுதான். பெரிய திரையில், துடைத்த பிரதியில், விரல் நுனிவரை தெரிகிறது. நடனத்தில் விரல் தெரியவில்லையென்றால் பாட்டில் பாதி ஸ்வரம் கேட்காத மாதிரி. பரதத்துக்கு அடவு இருக்கிறது, குரு பரம்பரை இருக்கிறது. உதய்சங்கர் ஆடியதோ பல மரபுகளிலிருந்து எடுத்துக்கொண்டு தானாகக் கட்டிய பாணி. மனைவி அமலாவும் சிஷ்யர்களும் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால், அவரே ஆடி நாம் முழுசாகப் பார்க்க இந்தப் படத்தை விட்டால் பெரிதாக எதுவும் இல்லை. அதனால்தான் இந்தச் சுத்திகரிப்பு வெறும் தூசு தட்டல் இல்லை.

அதே ஜெமினியில் அதே காலகட்டத்தில் எஸ்.எஸ்.வாசன் எடுத்தது ‘சந்திரலேகா’. அதுவும் 1948. அதன் புகழ்பெற்ற முரசு நடனத்துக்கு ‘கல்பனா’ படப்பிடிப்புதான் தூண்டுகோல் என்று சினிமா சரித்திரம் எழுதுபவர்கள் சொல்வதுண்டு. இரண்டையும் பார்த்தவனுக்கு நம்பத்தான் தோன்றுகிறது. ஒரு வித்தியாசம். வாசனின் முரசுகளுக்குள் வீரர்கள் ஒளிந்திருப்பார்கள். நடனம் முடிந்ததும் வெளியே குதித்து கிளைமாக்ஸை நடத்திக் கொடுப்பார்கள். அதாவது, அங்கே நடனத்துக்கு ஒரு வேலை உண்டு. உதய்சங்கரின் நடனத்துக்கு வேறு வேலை கிடையாது, அது நடனம் மட்டும்தான். வாசன் கெட்டிக்காரர், ஜெயித்தார். ‘கல்பனா’ ஓடவில்லை. கதைக்குள் அந்தத் தயாரிப்பாளர் என்ன சொன்னாரோ, அதையே ஜனங்களும் சொல்லிவிட்டார்கள்.

பிறகு? பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பாதுகாத்து வைத்திருந்ததை வைத்து, மார்ட்டின் ஸ்கார்செஸியின் உலக சினிமா அமைப்பு இத்தாலியின் போலோன்யா நகரத்தில் மீட்டெடுத்து, 2012-ல் கான் விழாவில் திரையிட்டது. நாயகி அமலா அப்போது 92 வயதில் நேரில் வந்திருந்தார். 2020-ல், 101 வயதில் காலமானார்.

மெட்ராஸில் எடுத்த படம், இத்தாலியில் குளித்து, பிரான்ஸில் கைதட்டல் வாங்கி நம்மிடம் வந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால், தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ (1931) பிரதிகூட நம்மிடம் இல்லை. அதை எந்த இத்தாலிக்காரர் வந்தும் துடைக்க முடியாது. துடைக்க ஒரு டப்பாவாவது இருக்கவேண்டுமே!

இடைவேளையில் அரங்கம் பாதி காலி. பாஸ் கொடுத்த நண்பரும் போய்விட்டார். மிச்சமிருந்தவர்களில் எனக்கு முன்வரிசையில் ஓர் அம்மாவும் பெண்ணும். படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளை நீட்டி, மணிக்கட்டை மடக்கி, மெஷின் மாதிரி செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். ‘‘கெளம்புடி, பஸ் போயிடும்’’ என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை.

காலேஜில் ஒரு பதிவு சொல்லிக்கொடுப்பார்கள். திரும்பாது என்று தள்ளுபடி செய்த வாராக்கடன் எப்போதாவது வசூலானால், அது வந்த வருஷத்தின் வரவு. எந்த வருஷக் கடன் என்று பார்ப்பதில்லை.

உதய்சங்கருக்கு 1948-ல் வரவேண்டியதில் கொஞ்சம் அன்று அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் வசூலானது.